வண்டி நிக்குதுங்களே

“கற்பூரத்தை அணைங்க! மொதல்ல அதை அணைங்க, அப்பறம் பேசுவோம்!”

“அணைக்க மாட்டனுங்க. வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஏத்துன கற்பூரத்தை வாயில ஊதி அணைக்கச் சொல்றீங்களே, உங்கூட்ல அப்படித்தான் பழக்கமாக்கும்?”

“ஏனுங்க, சார்ஜ் ஏறிட்டிருக்குதுங்க வண்டி! பேட்டரியில இருந்து வாயு வருதுங்க! பத்திக்கிற வாயு! ஒரு பொறி போதும், வண்டி, கொட்டகை, கேட்டு, வாட்ச்மேன் எல்லாம் ஒண்ணாப் பறந்து போயி மருதமலைல உளுகும்!”

வாட்ச்மேன் தன் நாற்காலியை ஓசைப்படாமல் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

நான் அப்போது வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் வீடு கேட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது, அவ்வளவுதான். பசுஞ்சோலை கார்டன்ஸில் யார் போனாலும் யார் வந்தாலும் என் கண் முன்னால்தான் போக வேண்டும், வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கீரை உருவ முடியாதே.

கத்தியவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் தண்டபாணி. மோட்டார் பம்ப் கம்பெனி நடத்தி ஓய்வு பெற்றவர். பம்ப் போல எந்நேரமும் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார், தண்ணீர் எப்போதாவது வரும். பதிலுக்குக் கத்தியவள் வளர்மதி. எங்கள் வீட்டுக்கு அடுத்ததற்கு அடுத்த வீடு. இத்தனை வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு ஒன்பதாம் நம்பர் வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். வண்டிக்குப் பொட்டு வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். முன்னால் ஒரு தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

“ஆனி மாசத்துல இருந்து நிக்குதுங்க இந்த வண்டி. மாசி வந்தாச்சு,” என்றார் தண்டபாணி. “ரெண்டே பிளக் பாயிண்டு இருக்குது கேட்டுப் பக்கத்துல. ஒண்ணை நீங்களே பிடிச்சு வெச்சுக்கிட்டா மத்தவங்க என்னதான் பண்றது?”

“வண்டி நிக்குதுங்களே. நின்னா ஆளு வர்றாருன்னுதான அர்த்தம்? நீங்கதான அன்னைக்குக் கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னீங்க?”

“அப்ப அவரை ஒரு போன் போடச் சொல்லுங்க. வண்டிகிட்ட ‘வந்துட்டேன்’னு ஒத்தை வார்த்தை சொல்லச் சொல்லுங்க. சோலி முடிஞ்சுது!”

வளர்மதியின் விரித்த கைகள் இறங்கின. குனிந்து தட்டை எடுத்தாள். கற்பூரம் அதற்குள் தானாகவே அணைந்திருந்தது. வீட்டுக்குள் போய்விட்டாள். தண்டபாணி தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன்.

ஒரு வண்டி எதற்காக எட்டு மாதம் நிற்க வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பெட்ரோல் வண்டிகள் குடியிருப்புகளுக்குள் வரக்கூடாது என்று சட்டம் வந்ததே, அப்போது எங்கள் சங்கம் கோல்ஃப் மைதானத்தில் ஓடுகிற மாதிரி மின்சார வண்டிகளை வாங்கியது. நாலு பேர் உட்காரலாம், மேலே கூரை, பக்கத்தில் கதவு கிடையாது. ஏறி உட்கார்ந்து இடத்தைச் சொன்னால் தானே ஓடும். உலகமே லித்தியத்துக்குப் போன பிறகும் எங்கள் சங்கம் மட்டும் தண்ணீர் ஊற்றுகிற பழைய ரக பேட்டரியாகப் பார்த்து வாங்கியது, மலிவு என்று. அதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டுமாம். தண்டபாணி, “சிறுவாணித் தண்ணிக்கு மேல சுத்தமான தண்ணி எந்த உலகத்துலங்க இருக்குது?” என்று குழாயைத் திறந்து ஊற்றிவிட்டார். கோயமுத்தூர்க்காரர்கள் யாரும் அதை மறுத்துப் பேசவில்லை, பேச முடியாது. பேட்டரிக்கு மட்டும் சிறுவாணியின் அருமை தெரியவில்லை. ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்தன.

அதோடு மக்களும் வண்டியைச் சார்ஜ் முழுவதும் தீரும்வரை ஓட்டினார்கள். பாதி வழியில் நிற்கும். தண்டபாணியின் மாமியார் ஒரு நாள் கிளப் ஹவுஸ் திருப்பத்தில் வெயிலில் மாட்டிக்கொண்டு, அந்த வழியாகப் போன எல்லோரிடமும் மாப்பிள்ளையைப் பற்றி மனம் விட்டுப் பேசிவிட்டார். அதற்குப் பிறகுதான் சங்கம் விழித்துக்கொண்டது.

கம்பெனியிலிருந்து ஆதவன் என்று ஓர் இன்ஜினியரை அனுப்பினார்கள். பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். புத்திசாலி, ஆனால் எதையும் அப்படியே நம்பிவிடுவான். கிளப் ஹவுஸில் கூட்டம் போட்டு விளக்கினான்.

“வண்டி இனிமே நீங்க பேசறதைப் புரிஞ்சுக்கும். கிளம்பும்போது திரும்பி வருவீங்களா மாட்டீங்களான்னு உங்க பேச்சுல இருந்தே தெரிஞ்சுக்கும். திரும்பி வர்றவங்களுக்கு வேணுங்கற சார்ஜை எடுத்து வெச்சுட்டு, கேட் கொட்டகைல காத்திருக்கும். வேற யார் கூப்பிட்டாலும் போகாது. நீங்க வந்து ‘வந்துட்டேன்’னு சொன்னாத்தான் அந்தப் பயணம் முடியும். யாரும் வழியில மாட்ட மாட்டீங்க.”

எல்லோரும் கை தட்டினோம்.

“இப்ப நீங்க எனக்குச் சொல்லணும். கிளம்பும்போது என்ன சொல்வீங்க? எங்க டீம்ல ‘போகிறேன்’னு வெச்சிருக்கோம்.”

தண்டபாணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “வாயில வரக்கூடாத சொல்லுங்க தம்பி அது! நாங்க ‘போயிட்டு வர்றேன்’னு சொல்லுவோம். நிக்கறவங்க ‘போயிட்டு வாங்க’ன்னு சொல்லுவாங்க.”

“சரி, அது திரும்பி வர்றவங்களுக்கு. திரும்பி வராதவங்க?”

“அப்படின்னா?”

“ஒருவழிப் பயணம் சார். போறதோட சரி, திரும்ப வர மாட்டாங்க. அவங்க என்ன சொல்வாங்க?”

மண்டபத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவர் இருமினார். ஒருவர் மேல் துண்டைச் சரிசெய்தார். தண்டபாணி எழுந்து நின்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “அப்படி ஒரு பேச்சு எங்க பக்கமே கெடையாதுங்க தம்பி. வண்டி நிக்குதுன்னா ஆளு வர்றாருன்னு அர்த்தம். அவ்வளவுதான்.”

அதற்கும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆதவன் அப்படியே நம்பினான். ‘போகிறேன்’ என்ற சொல்லை அழித்துவிட்டான். ‘போயிட்டு வர்றேன்’, ‘வர்றோம்’, ‘வாங்க’, ‘வா’ எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்தான். இதில் ஏதாவது ஒன்று காதில் விழாமல் வண்டி நகரவே நகராது என்றும் பாதுகாப்புக்காக ஒரு விதி வைத்தான். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால், “திரும்பி வருவீர்களா?” என்று வண்டி கேட்கும். பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் கேட்கிற மாதிரி இருக்கும்.

தமிழர்கள் யாரும் திரும்பி வராமல் போவதே இல்லை என்று உலகத்தில் முதன்முதலாக நம்பியது எங்கள் வண்டிகள்தான்.

பிறகு நடந்ததை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒறம்பரையாக வந்த விருந்தாளிகள் ஊருக்குக் கிளம்பும்போது என்ன சொல்வார்கள்? போயிட்டு வர்றோம்ங்க. வண்டி அவர்களைக் கேட்டில் இறக்கிவிட்டு அங்கேயே நிற்கும். ஈரோட்டு மாமாவுக்காக ஒரு வண்டி, கரூர் சம்பந்திக்காக ஒரு வண்டி, கேஸ் அடுப்பு ரிப்பேருக்கு வந்தவருக்காக ஒரு வண்டி என்று பொங்கல் முடிவதற்குள் பாதிக்குமேல் கேட்டிலேயே தவம் கிடந்தன. கடைசியில் ஆதவன்தான் ஒரு வழி சொன்னான். போனவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை வண்டியிடம் நீட்டி, “வந்துட்டேன்” என்று சொல்ல வைக்க வேண்டும். துபாயிலிருந்து ஒருவர் வேலைக்கு நடுவே, “வந்துட்டன்டா சாமி, வந்துட்டேன், ஆளை விடு” என்று எங்கள் வண்டியிடம் கெஞ்சியதை நானே கேட்டிருக்கிறேன்.

மூன்றாம் தெருவில் ஒரு பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டிக்காக மட்டும் யாரும் யாருக்கும் போன் போடவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஆதவன் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், ஒயரைக் கழற்றிச் சரிசெய்துவிட்டுப் போனான். கம்பெனிக்குள் அதற்கு ஏதோ தனி அனுமதி வாங்க வேண்டியிருந்ததாம். சாவு என்றால் கொடுப்பார்களாம், வேறு எதற்கும் கொடுக்க மாட்டார்களாம்.

இப்போது வளர்மதியின் வீட்டுக்காரருக்கு வருகிறேன்.

ரங்கராஜ் நூல் ஏஜென்சி நடத்துகிறவர். அதிகம் பேசாதவர். நல்லவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம், அதிகம் பேசாதவர்களை வேறு என்ன சொல்வது? ஆனி மாதம் ஒரு காலை, பெரிய பெட்டியோடு ஒன்பதாம் நம்பரில் ஏறி உட்கார்ந்தார். வண்டி அவர்கள் வீட்டு வாசலில் நெடுநேரம் நகராமல் நின்றது. பிரேக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். வளர்மதி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குப் பார்த்து நான் மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் காதில் விழவில்லை. அந்தச் சட்னியை நினைத்து இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

பிறகு வண்டி நகர்ந்தது. கேட்டில் அவரை இறக்கிவிட்டது. அவர் வாடகைக் கார் ஏறிப் போனார். வண்டி கொட்டகையில் போய் நின்றது. கேட்டுக்கு மேலே இருக்கிற பலகையில் அவர்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே ‘பயணத்தில்’ என்று மஞ்சள் எழுத்து வந்தது.

சூரத்துக்கு நூல் விஷயமாகப் போயிருக்கிறார் என்றாள் வளர்மதி. ஆவணியில் என் நாத்தனார் ஓசூரில் அவரைப் பார்த்தாள். காய்கறிச் சந்தையில் ஒரு பெண்ணுக்குப் பின்னால் கட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு போனாராம். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் வளர்மதிக்காக அவர் ஒரு கொத்தமல்லிக் கட்டைத் தூக்கி நான் பார்த்ததில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன், நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொன்னேன். வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஆனால் வளர்மதிக்கு ஒரு விஷயம் கெட்டியாகப் பிடிபட்டுவிட்டது. பலகையில் ‘பயணத்தில்’ என்று இருக்கும்வரை அவள் புருஷன் பயணத்தில் இருக்கிறான். விட்டுப் போகவில்லை. அவள் மகள் ஓவியாவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பிரணவ், தென்னை நாரில் ஏதோ ஆராய்ச்சி செய்கிறவன். ஓவியாவுக்கும் பிடித்திருந்தது, அவனுக்கும் பிடித்திருந்தது, ஜாதகத்துக்கும் பிடித்திருந்தது. பிரணவின் அம்மா கோகிலா மட்டும் ஒவ்வொரு போனிலும், “பொண்ணோட அப்பா எப்ப வர்றாருங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா விட்டுவிட்டுப் போன வீடு என்று தெரிந்தால் அந்தப் பேச்சு அன்றோடு முடிந்துவிடும். அது எனக்குத் தெரியும், வளர்மதிக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதனால்தான் வெள்ளிக்கிழமை வண்டிக்குக் கற்பூரம்.

“அக்கா, இன்னும் ரெண்டே நாளுங்க்கா,” என்றாள் என்னிடம், சாயங்காலம். “அவங்க வந்து பார்க்கறப்ப வண்டி நிக்கோணும். பலகைல எழுத்து இருக்கோணும். அதுக்கப்பறம் வண்டியை என்னமோ பண்ணிக்கட்டும்.”

“அவரு நம்பரைக் குடு வளரு, நான் பேசறேன்.”

“எடுக்க மாட்டாருங்க்கா. என்ற நம்பரை எடுக்கறதில்லை. வேற நம்பர்ல கூப்பிட்டா என்ற கொரலைக் கேட்டதும் வெச்சர்றாரு.”

அதுவரை அவள் என்னிடம்கூட அதைச் சொன்னதில்லை. நானும் ஓசூர் கட்டைப் பையைப் பற்றிச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

ஞாயிறு காலையில் தண்டபாணி ஆதவனைக் கூட்டிக்கொண்டு வந்து கொட்டகையில் நின்றார். பெண் பார்க்க வருவது தனக்குத் தெரியாது என்று பின்னால் சத்தியம் செய்தார். நம்பினோம், பாதி.

ஆதவன் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு ஒன்பதாம் நம்பரின் சீட்டைத் தூக்கினான். கெட்டுப்போன முட்டை வாடை கேட் முழுக்க அடித்தது.

“பாருங்க சார், பாதிச் சார்ஜிலேயே இத்தனை மாசம் நின்னிருக்கு. தகட்டுல உப்புப் பூத்துப் போச்சு. மேல எவ்வளவு ஏத்தினாலும் உள்ள பிடிக்கல, சூடு மட்டும் ஏறுது. தண்ணி வத்தியிருக்கு. இன்னும் ஒரு வாரம் இப்படி விட்டா...”

“மருதமலை!” என்றார் தண்டபாணி, என்னைப் பார்த்து, வெற்றியோடு.

“பேட்டரி ஓடத்தான் சார் செஞ்சது. காத்திருக்கச் செஞ்சதில்லை. ஓடி, தீர்ந்து, நிறைஞ்சு, மறுபடி ஓடணும். சும்மா நின்னா செத்துரும்.”

அந்த நேரத்தில்தான் பொள்ளாச்சிக் கார் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. கோகிலா, பிரணவ், ஒரு மாமா, ஒரு அத்தை. வெளி வண்டி உள்ளே வரக்கூடாது என்பதால் எல்லோரும் இறங்கி நடந்து வந்தார்கள். பட்டுப்புடவையோடு வளர்மதி ஓடி வந்தாள். கொட்டகையைப் பார்த்தாள், நின்றாள்.

“வாங்க, வாங்க. வாங்க மாப்ளை.”

கோகிலா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பலகையைப் பார்த்தார். “இதுதானுங்களா நீங்க சொன்ன வண்டி? அவருக்காவ நிக்கறது?”

“ஆமாங்க. அவரு வந்து எறங்குனா ஒரு நிமிசம் நடக்க விடாதுங்க.”

“பரவாயில்லீங்களே! எங்கூட்டுக்காரரு ஊருக்குப் போனா நாய்கூட இப்படிக் காத்திருக்காது.” அவர் முகம் முதன்முறையாகக் கொஞ்சம் இளகியது. ஒரு வண்டி இப்படி நின்றால் வீட்டு ஆளுக்கு எவ்வளவு மரியாதை இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

ஆதவனுக்கு இதெல்லாம் புரிகிற வயதில்லை, புரிகிற ஊரும் இல்லை. “நல்லதாப் போச்சு மேடம், நீங்களே வந்துட்டீங்க,” என்றான் வளர்மதியிடம். “இந்தப் பயணத்தை யார் குரல் தொடங்கிச்சோ அந்தக் குரல்தான் முடிக்கணும். அன்னைக்கு என்ன பேசினாங்கன்னு வண்டில பதிவாயிருக்கு. சாரோட குரல்ல இருந்து சாம்பிள் எடுத்தா கம்பெனில பேசி ஏதாவது வழி பண்ண முடியுமான்னு பாக்கறேன்.”

“இப்ப வேண்டாங்க தம்பி. அப்பறம் பாத்துக்கலாங்க.”

“ஒரு நிமிஷம்தான் மேடம்.” அதற்குள் அழுத்திவிட்டான்.

எல்லோரும் கழுத்தை நீட்டினோம். பெட்டி வைக்கிற சத்தம். சீட் அமுங்குகிற சத்தம். தூரத்தில் ஒரு மிக்சி ஓடியது, அது என்னுடையது. பிறகு வண்டியின் குரல்: “திரும்பி வருவீர்களா?”

பதில் இல்லை.

“திரும்பி வருவீர்களா?”

மிக்சி நின்றது, மறுபடி ஓடியது. யாரோ மூச்சு விட்டார்கள். மூன்றாவது முறையும் வண்டி கேட்டது. மூன்றாவது முறையும் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்ல அவருக்கு வரவில்லை, உண்மை சொல்லவும் வரவில்லை. வண்டியும் நகரவில்லை.

அப்புறம் ஒரு பெண் குரல், கொஞ்சம் தள்ளி, நிலைப்படியிலிருந்து: “போயிட்டு வாங்க.”

“சரி. திரும்பும் வரை காத்திருப்பேன்,” என்றது வண்டி. ஓடத் தொடங்கும் ஓசை கேட்டது. அவ்வளவுதான்.

ஆதவன் நெற்றியைச் சுருக்கினான். “சார் ஒண்ணுமே சொல்லலையே. அப்ப இந்தப் பயணம் சாரோடது இல்ல. மேடம், உங்களோடது. நீங்க சொன்னதாலதான் வண்டியே கிளம்பியிருக்கு. இல்லைன்னா நகர்ந்திருக்காது.”

 வளர்மதி ஆதவனைப் பார்க்கவில்லை, கோகிலாவைத்தான் பார்த்தாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியுங்க, அவரு ஒண்ணும் சொல்லலைன்னு. வண்டி மூணு தரம் கேட்டுது. நிக்குது, அவரும் தலையைக் குனிஞ்சுட்டு உக்காந்திருக்கறாரு. எத்தனை நேரந்தான் அப்படியே பாத்துட்டு நிக்கறதுங்க? சொல்லாமப் போறவங்களுக்கும் நிக்கறவங்கதான சொல்லோணும்? சொன்னேன். நாந்தாங்க அனுப்பி வெச்சேன்.” பிறகு, “உள்ள வாங்க, காப்பி ஆறிரும்,” என்றாள்.

வந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள், உள்ளே போனார்கள். கேசரி எடுத்து வைக்க ஆள் வேண்டுமே என்று நானும் போனேன். இத்தனை மௌனமாக ஒரு கேசரி தின்னப்பட்டதை நான் கண்டதில்லை. ஓவியா வந்து வணங்கினாள். பிரணவ் அவளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கேசரியைப் பார்த்தான். காப்பி முடிந்ததும் கோகிலா எழுந்து, புடவை மடிப்பை நீவிக்கொண்டு சொன்னார்: “ஊருக்குப் போயி தகவல் சொல்றோங்க.”

அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். தகவல் வராது என்பதுதான் அந்தத் தகவல். வளர்மதி, “சரிங்க,” என்றாள். ‘போயிட்டு வாங்க’ என்று மட்டும் அன்றைக்கு அவள் வாயில் வரவில்லை. ஓவியா உள்ளே போய்விட்டாள்.

வெயில் ஏறிவிட்டதால் வாசலுக்கு நாலாம் நம்பர் வண்டியைக் கூப்பிட்டிருந்தார்கள். நாலு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். மாமா காலை வெளியே தொங்கப் போட்டார். “பயணிகள் காலை உள்ளே வைக்கவும்,” என்றது வண்டி. வைத்தார். பிறகு அது கேட்டது:

“திரும்பி வருவீர்களா?”

கோகிலா, “கேட்டுக்குப் போ,” என்றார்.

“புரியவில்லை. திரும்பி வருவீர்களா?”

“என்னங்க இது? கேட்டுக்குப் போன்னா போவ வேண்டீதுதான?”

“அதுக்குண்டான சொல்லைச் சொல்லோணுங்க,” என்றேன் நான், உதவியாக. “கெளம்பறப்ப சொல்லுவமே, அதைச் சொன்னாத்தானுங்க நகரும்.”

கோகிலா உதட்டை இறுக்கிக்கொண்டார். இத்தனை நாளாக எல்லா வீட்டிலும் சும்மா சொல்லிவிட்டு வந்த சொல்தான். ஆனால் இந்த வண்டி அதைக் கேட்டால் நிற்கும், அவர்கள் வரும்வரை நிற்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்களே. அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது, பக்கத்து வீட்டில் கதவு திறந்தது.

“திரும்பி வருவீர்களா?” மூன்றாவது முறை.

கொஞ்ச நேரத்துக்கு முன் அந்தப் பதிவைக் கேட்ட அத்தனை பேருக்கும் அதே நினைப்புதான் வந்திருக்கும். நிலைப்படியில் வளர்மதி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் ஓவியாவின் கை தெரிந்தது.

“நடந்தே போலாம், எறங்குங்க,” என்று கோகிலா ஒரு காலைக் கீழே வைத்தார்.

“போயிட்டு வர்றேன்,” என்றான் பிரணவ்.

மெதுவாகத்தான் சொன்னான். வண்டிக்குப் பின்னால் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

“டேய்!” என்றார் அம்மா.

“சொல்லாம நகராதும்மா.”

“நகர்றதுக்காவ எதை வேணும்னாலும் சொல்லுவியாடா?”

“இல்லம்மா. வர்றதுக்காவத்தான் சொன்னேன்.”

“சரி. திரும்பும் வரை காத்திருப்பேன்,” என்றது வண்டி, நகர்ந்தது. கோகிலா அவசரமாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு வளர்மதி கேட்டுக்கு நடந்து வந்தாள். ஆதவன் கையுறையைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்கு அதற்குள் யாரோ எடுத்துச் சொல்லியிருந்தார்கள், நான்தான். “ஸாரி மேடம்,” என்று எழுந்தான்.

“எந்திரிக்காதீங்க தம்பி. நான் என்ன சொல்லோணும்?”

“‘வந்துட்டேன்’னு சொல்லணும்.”

“எங்கயும் போவாத நானு வந்துட்டேன்னு சொல்லோணுமாக்கும்.” சிரித்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்துத்தான் நான் பக்கத்தில் போய் நின்றிருந்தேன், ஏமாந்தேன். வண்டியின் கூரையில் கையை வைத்து, பக்கத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறவள் போலச் சொன்னாள்: “வந்துட்டேன்.”

“நல்வரவு,” என்றது ஒன்பதாம் நம்பர். “பயணம் நிறைவடைந்தது.”

பலகையில் மஞ்சள் எழுத்து அணைந்தது. தண்டபாணி தானே குனிந்து பிளக்கைக் கழற்றினார், ரொம்ப மெதுவாக. பேட்டரியை மாற்றினார்கள். இந்த முறை லித்தியம். எத்தனை நாள் நின்றாலும் ஒன்றும் ஆகாதாம். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்றதும் தண்டபாணிக்கு ஏதோ சொத்துப் பறிபோன மாதிரி ஆகிவிட்டது. ‘போகிறேன்’ என்ற சொல்லையும் சேர்த்துவிடலாமா என்று ஆதவன் கூட்டத்தில் கேட்டான். ஓட்டுக்கு விட்டோம். யாருமே கை தூக்கவில்லை.

நாலாம் நம்பர் கேட்டில் நின்றது. யாரும் பிரணவுக்குப் போன் போடவில்லை, தண்டபாணிகூட அதன் பிளக்கைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பங்குனி பிறந்து சில நாளில் அவன் தனியாக வந்து இறங்கி, “வந்துட்டேன்” என்றான். அம்மா அடுத்த வாரம் வந்தார். பேரூரில் கல்யாணம் நடந்தது. அப்பா இடத்தில் வளர்மதியின் அண்ணன் நின்றார். இப்போது ஓவியா பொள்ளாச்சியில் இருக்கிறாள். கோகிலாவும் அவளும் ஒரே சமையலறையில் என்று கேள்வி, விவரம் சேகரித்துக்கொண்டிருக்கிறேன். ஆதவன் பெங்களூருக்கே திரும்பிவிட்டான், அங்கே ஒரு கன்னடப் பெண்ணைக் கட்டிக்கொண்டதாகப் பத்திரிகை வந்தது.

மகளை அனுப்பிவிட்டு வளர்மதி வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை. ஒரு காலை ஒன்பதாம் நம்பரில் ஒரு பெட்டியோடு ஏறினாள். நான் அன்றைக்கு மிக்சியைத் தொடவே இல்லை. தாராபுரத்தில் அண்ணன் வீட்டுப் பக்கத்தில் இடம் பார்த்திருப்பதாகவும், துணி தைக்கிற யூனிட் ஒன்றைப் பொறுப்பெடுத்துப் பார்க்கப் போவதாகவும் சொன்னாள். எப்போது திரும்புவாள் என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு வண்டியிடம் திரும்பி, தெளிவாக, ஒரு தடுமாற்றமும் இல்லாமல், “போயிட்டு வர்றேன்,” என்றாள்.

ஐப்பசி மழையில் ரங்கராஜ் வந்தார். அதே பெட்டி. ஓசூரில் என்ன ஆயிற்று என்று கேட்டுச் சொல்ல என் நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டில் இறங்கியவர் கொட்டகையைப் பார்த்தார். ஒன்பதாம் நம்பர் நின்றுகொண்டிருந்தது, போன வருஷம் ஆனியில் விட்டுப் போன அதே இடத்தில். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நனைந்தபடி ஓடிப்போய் ஏறி உட்கார்ந்து, “வந்துட்டேன்,” என்றார்.

“உங்கள் குரல் பொருந்தவில்லை,” என்றது வண்டி. “இந்த வண்டி வேறொருவருக்காகக் காத்திருக்கிறது. தயவுசெய்து இறங்கவும்.”

இறங்கினார். மழையில் நடந்தே வீட்டுக்குப் போனார்.

இப்போது தினமும் சாயங்காலம் கேட்டுக்கு வந்து வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். முன்னைவிட நன்றாகப் பேசுகிறார். “அம்மிணி எப்பங்க வர்றாங்க?” என்று யார் கேட்டாலும் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டுவார். “வந்துருவா. வண்டி நிக்குதுங்களே.”

போன வெள்ளிக்கிழமை கையில் ஒரு தட்டோடு வந்தார். தண்டபாணி எங்கிருந்தோ ஓடி வந்து நின்றார், தட்டைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், கத்துவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

“பிளக்கை மட்டும் கழட்டீட்டு ஏத்துங்க,” என்றார்.